ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் ஏபிஐ: விற்பவர் பக்கம் உறுதி, வாங்குபவர் பக்கம் பாதி வேலை

ஓசூரில் போல்ட், நட் செய்யும் நிறுவனம் டேலி கணக்கு மென்பொருளில் பில் போடுகிறது. அதை வாங்கும் வாகனக் கம்பெனி எஸ்ஏபியில் கணக்கு வைத்திருக்கிறது. சரக்கை ஏற்றிப்போகும் டிரான்ஸ்போர்ட்காரருக்குத் தனி சாஃப்ட்வேர், ஆடிட்டர் ஆபீசுக்கு இன்னொன்று. இவர்கள் எல்லோரையும் ஒரே வடிவத்தில் பேச வைத்தது எந்தத் தனியார் இணைப்பு மென்பொருளும் அல்ல, பில்லை இணையத்தில் பதிவு செய்யும் ஜிஎஸ்டியின் இ-இன்வாய்ஸ்தான். 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுடன் தொடங்கி, 100, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் உள்ள பெரும்பாலோரையும் இது உள்ளே கொண்டுவந்துவிட்டது. வரிக்காக வந்த ஏற்பாடு என்பதால் பலர் இதை ஒரு சடங்காக முடித்துவிட்டுப் போகிறார்கள். மென்பொருள்கள் நேரடியாகப் பேசும் வழியான ஏபிஐ மூலம் இரண்டு நிறுவனங்களின் கணினிகளை இணைக்கும் ஒரு சேவை என்ற கண்ணோடு பார்த்தால் எங்கே நிற்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதுதான் இந்த விமர்சனம்.

முதலில் பாராட்ட வேண்டியது. ஐஎன்வி-01 என்ற ஒரே படிவம், கணினிகள் படிக்கும் ஜேசன் வடிவில். பரிவர்த்தனை வகை, ஆவண விவரம், விற்பவர், வாங்குபவர், எங்கிருந்து அனுப்புகிறோம், எங்கே இறக்குகிறோம், பொருள் வரிகள், மொத்தங்கள், பணம் செலுத்தும் விவரம், மேற்கோள் எண்கள், ஏற்றுமதி விவரம், சரக்கை வண்டியில் கொண்டுபோவதற்கான இ-வே பில் விவரம் என்று தெளிவான பகுதிகள். பதிவுத் தளமான ஐஆர்பிக்கு இதை அனுப்பினால் 64 எழுத்துள்ள ஐஆர்என் என்ற பதிவு எண், டிஜிட்டல் கையொப்பமிட்ட இன்வாய்ஸ், கையொப்பமிட்ட க்யூஆர் குறியீடு மூன்றும் திரும்பி வருகின்றன. இ-வே பில்லும் வேண்டுமென்றால் அதே கோரிக்கையில் வண்டி எண்ணையோ டிரான்ஸ்போர்ட்டர் ஐடியையோ சேர்த்து அனுப்பலாம். தூரத்தைப் பூஜ்ஜியம் என்று கொடுத்தால் பின்கோடுகளை வைத்து அதுவே கணக்கிட்டுக்கொள்ளும்.

ஐஆர்என் உருவாகும் விதம்தான் இந்த வடிவமைப்பின் மிகச் சிறந்த பகுதி. விற்பவரின் ஜிஎஸ்டின் (ஜிஎஸ்டி பதிவு எண்), நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகிய நான்கையும் சேர்த்து எஸ்ஹெச்ஏ-256 முறையில் எடுக்கும் ஹேஷ், அதாவது அவற்றிலிருந்து கணக்கிடும் குறியீடு அது. தேதியோ தொகையோ அதில் இல்லை. ஆகவே ஒரே பில்லை எத்தனை முறை அனுப்பினாலும் ஒரே ஐஆர்என்தான் வரும். பில்லை அனுப்பிய நொடியில் நெட் போய்விட்டது, பதிவானதா இல்லையா என்று தெரியவில்லை என்றால் பதற வேண்டியதில்லை. அதே எண்ணோடு மறுபடி அனுப்பலாம். ஏற்கெனவே பதிவாகியிருந்தால் 2150 என்ற பிழை வரும். பழைய ஐஆர்என்னும் அந்தப் பதிலிலேயே இருக்கும். அதை எடுத்து உங்கள் பில்லில் எழுதிக்கொண்டு, வெற்றி என்று கணக்கு வைக்க வேண்டும். இந்த 2150ஐத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு புது எண் போட்டு இன்னொரு பில் அனுப்பும் இணைப்புகள் இருக்கின்றன. அதன் விளைவு, ஒரே சரக்குக்கு இரண்டு விற்பனை, இரண்டு மடங்கு வரி, மாதக் கடைசியில் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1ல் குழப்பம். மென்பொருள் வாங்கும் முன் இந்த ஒரு சூழலை மட்டுமாவது கண்முன்னால் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆவண எண்ணில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு முன்பு தனித்தனி ஐஆர்என்களைத் தந்தது. 2025 ஜூன் 1 முதல் எல்லாமே பெரிய எழுத்தாக மாற்றப்பட்ட பிறகுதான் ஹேஷ் எடுக்கப்படுகிறது. உங்கள் மென்பொருள் தானாகவே ஐஆர்என்னைக் கணக்கிட்டு ஒப்பிடுகிறது என்றால் அங்கேயும் இந்த மாற்றம் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

எண் அமைப்பில் இன்னொரு பொறி: 16 எழுத்துக்கு மேல் கூடாது, பூஜ்ஜியத்திலோ சாய்கோட்டிலோ சிறுகோட்டிலோ தொடங்கக் கூடாது. "ஹெச்ஓ" என்ற இரண்டு எழுத்து, சாய்கோடு, 2025-26, சாய்கோடு, 00123 என்று வைத்தால் சரியாக 16. பில் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொடும் நாளில் 17 ஆகிவிடும், எல்லா பில்லும் திரும்பும். ஆண்டை 2526 என்று சுருக்கிவிட்டால் மூன்று இடம் மிச்சம். ஏப்ரல் 1க்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டிய விஷயம் இது, நடு ஆண்டில் மாற்றினால் வாங்குபவர் கணினியில் பொருத்தம் விட்டுப்போகும்.

லாகின் பகுதி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டோக்கன் 6 மணி நேரம் செல்லும். அதைச் சேமித்து வைத்துப் பயன்படுத்த வேண்டும், ஒவ்வொரு பில்லுக்கும் புதிதாக லாகின் செய்வது வீண் சுமை.

அடிக்கடி திரும்பும் பில்களைப் பார்த்தால் பெரும்பாலும் மென்பொருளில் கோளாறு இருக்காது, மாஸ்டர் விவரத்தில் இருக்கும். பின்கோடு மாநிலத்தோடு ஒத்துவராவிட்டால் 3039 என்ற பிழை. வாங்குபவரின் ஜிஎஸ்டின் முதல் இரண்டு இலக்கமும் கொடுத்த மாநிலக் குறியீடும் மாறினால் 2265. தமிழ்நாடு 33, புதுச்சேரி 34 என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 605ல் தொடங்கும் பின்கோடு விழுப்புரம் பக்கமும் உண்டு, புதுச்சேரியிலும் உண்டு என்பதை மறந்து, பின்கோடை வைத்து மாநிலத்தைத் தானாக நிரப்பும் மென்பொருள் அங்கே தப்பாமல் சறுக்கும். மாநிலத்தை எப்போதும் ஜிஎஸ்டினிலிருந்து எடுங்கள். புதிதாகப் பதிவு செய்த வாடிக்கையாளருக்கு 3028 வந்தால் எண் தவறு என்று முடிவுகட்ட வேண்டாம். பொது ஜிஎஸ்டி தளத்தில் இருப்பது இங்கே இன்னும் வந்து சேராமல் இருக்கலாம். அதை இழுத்துக்கொள்ளத் தனி ஏபிஐ அழைப்பு இருக்கிறது. அதைச் செய்துவிட்டு மறுபடி அனுப்பினால் பல நேரம் சரியாகிவிடும். ஏற்றுமதி பில்லுக்கு ஜிஎஸ்டின் இடத்தில் யுஆர்பி (பதிவு இல்லாதவர்), மாநிலம் 96, பின்கோடு 999999.

காலியான புலங்களை அப்படியே வெற்று மேற்கோள் குறியோடு அனுப்பக் கூடாது. அந்தப் புலத்தையே விட்டுவிட வேண்டும். எக்செல்லிலிருந்து ஒட்டிய முகவரிக்குள் கண்ணுக்குத் தெரியாத டேப், வரி முறிவு ஒளிந்திருக்கும். பைப் ஃபிட்டிங் விற்பவர்களுக்குத் தனித் தலைவலி ஒன்று: பொருளின் பெயரில் அரை இஞ்ச் என்பதைக் குறிக்கும் இரட்டை மேற்கோள். ஜேசனைக் கையால் ஒட்டித் தயாரிக்கும் இணைப்பில் அந்த ஒரு குறி முழு பில்லையும் உடைத்துவிடும். முறையான ஜேசன் நூலகத்தைப் பயன்படுத்தியிருந்தால் இது வரவே வராது. ஆகவே இந்தப் பிழை ஒருமுறை கண்ணில் பட்டாலே, அந்த இணைப்பை எழுதியவர் மற்ற இடங்களில் என்ன செய்திருக்கிறார் என்று சந்தேகப்படுவது நியாயம்.

அளவு அலகில்தான் இரண்டு நிறுவனங்களின் உண்மையான மோதல் தெரிகிறது. ஐஆர்பிக்கென ஒரு குறியீட்டுப் பட்டியல் இருக்கிறது: என்ஓஎஸ், பிசிஎஸ், கேஜிஎஸ், எம்டிஆர், எஸ்இடி என்று. வாங்குபவரின் எஸ்ஏபி பிஓவில் (கொள்முதல் ஆர்டரில்) ஒவ்வொன்று என்பதற்கு இஏ என்று இருக்கும். அதை என்ஓஎஸ்ஸாக மாற்றும் அட்டவணை உங்கள் பக்கம் வேண்டும். இதில் மிக ஆபத்தானது எம்டிஎஸ். துணி, குழாய், கேபிள் விற்பவர்கள் மீட்டரின் பன்மை என்று நினைத்து அதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அது மெட்ரிக் டன். மீட்டர் என்பது எம்டிஆர். ஐஆர்பி இதைத் தடுக்காது, ஏனென்றால் இரண்டும் செல்லுபடியாகும் குறியீடுகள். 500 மீட்டர் துணி 500 டன்னாக இ-வே பில்லில் ஏறி, வழியில் வண்டியை நிறுத்திக் கேட்கும்போதுதான் தெரியவரும்.

விலையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. படிவத்தில் ஒன்றின் விலைக்கு 3 தசம இடம்தான். ஒரு திருகின் விலை 0.4375 ரூபாய், 20,000 திருகுகள் என்று வையுங்கள். உண்மையான மதிப்பு 8,750 ரூபாய். மூன்று இடத்துக்குச் சுருக்கினால் 0.438, பெருக்கினால் 8,760. பத்து ரூபாய் இடிக்கிறது. மொத்தங்களைச் சரிபார்க்கும்போது ஐஆர்பி ஒரு ரூபாய் வரைதான் பொறுத்துக்கொள்ளும். வாங்குபவரின் கணினியோ பிஓ விலையோடு ஒப்பிட்டு பில்லை நிறுத்தி வைக்கும். வாங்குபவரின் எஸ்ஏபி பிஓவைப் பாருங்கள், ஆயிரத்துக்கு 437.50 என்றுதான் இருக்கும். நீங்களும் டிஹெச்டி, அதாவது ஆயிரம் என்ற அலகில் 20 என்று எழுதி, விலையை 437.50 என்று வைத்தால் கணக்கு பைசா பிசகாமல் நிற்கும். வாங்குபவர் பக்கம் இருபதை இருபதாயிரமாக மாற்றும் ஏற்பாட்டை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் 20 திருகு வந்ததாக ஜிஆர்என் (சரக்கு வந்ததற்கான ரசீது) போட்டுவிடுவார்கள்.

பில் ஓர் இடத்துக்கு, சரக்கு இன்னோர் இடத்துக்கு என்ற பரிவர்த்தனையில் கணக்காளரும் மென்பொருளும் சேர்ந்தே தவறு செய்வார்கள். ஓசூர்க்காரர் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு பில் போடுகிறார், சரக்கு பெங்களூரு ஆலையில் இறங்குகிறது. வண்டி கர்நாடகாவுக்குப் போவதால் வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி என்று தோன்றும். ஐஜிஎஸ்டி சட்டம் 10(1)(பி) பிரிவின்படி, சரக்கை அனுப்பச் சொன்னவரின் முதன்மைத் தொழிலிடமே வழங்கலிடம், அதாவது வரிக்குச் சரக்கு போய்ச் சேர்ந்ததாகக் கொள்ளும் இடம். ஆகவே தமிழ்நாட்டின் 33, மாநிலத்துக்குள் விற்பனைக்கான சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும்தான். வழங்கலிடம் 33 என்று வைத்து ஐஜிஎஸ்டி அனுப்பினால் 2172 வந்து காப்பாற்றும். மென்பொருள் வழங்கலிடத்தையும் இறக்குமிடத்திலிருந்து எடுத்து கர்நாடகாவின் 29 என்று நிரப்பிவிட்டால் ஐஆர்பி எந்தக் கேள்வியும் கேட்காது, தவறான வரி பதிவாகிவிடும். வழங்கலிடத்தை இறக்குமிட முகவரியோடு தானாகக் கட்டிவைத்திருக்கும் எந்த இணைப்பையும் ஏற்காதீர்கள்.

சரக்குக் கூலியை "இதர கட்டணம்" என்ற புலத்தில் போடுவதும் இதே வகைப் பிழை. அந்தப் புலம் வரிக்குப் பிறகு கூடுவது. விற்பனையோடு சேர்ந்த கூலிக்கு வரி உண்டு.

இனி குறைக்கு வருவோம். இந்தச் சேவை பில்லைப் பதிவு செய்கிறது. வாங்குபவரின் கணினிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. சிங்கப்பூரின் இன்வாய்ஸ்நவ், மின் ஆவணங்களைப் பரிமாறும் பன்னாட்டு வலையமைப்பான பெப்போலில் ஓடுகிறது. அங்கே பில்லே விற்பவரின் கணினியிலிருந்து வாங்குபவரின் கணினிக்குள் போய் இறங்குகிறது. மலேசியாவில் 2024 ஆகஸ்ட் 1 முதல் கட்டங்கட்டமாக வந்த மைஇன்வாய்ஸ், சரிபார்த்த பில்லை நிராகரிக்கக் கோர வாங்குபவருக்கு 72 மணி நேரம் தருகிறது. இந்தியாவில் ஐஆர்பி கட்டத்தில் வாங்குபவருக்கு எந்தக் குரலும் இல்லை. 2024 அக்டோபரில் வந்த ஐஎம்எஸ் என்ற பில் மேலாண்மைத் தளத்தில் ஏற்கவும், நிராகரிக்கவும், நிலுவையில் வைக்கவும் முடியும் என்றாலும், அது வரிக்கணக்குக் கட்டத்தில் நடப்பது. வாசலில் வண்டி நிற்கும்போது உதவாது.

அதனால்தான் இவ்வளவு நவீன ஏற்பாட்டுக்குப் பிறகும் பில்லை பிடிஎஃப் ஆக்கி மெயில் அனுப்பி, அதையே வாங்குபவர் அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து எஸ்ஏபியில் மறுபடி தட்டுகிறார். க்யூஆரை ஸ்கேன் செய்தால் போதாதா என்றால், போதாது. அதில் இருப்பவை விற்பவர், வாங்குபவர் ஜிஎஸ்டின்கள், ஆவண எண், வகை, தேதி, மொத்தத் தொகை, பொருள் வரிகளின் எண்ணிக்கை, முக்கியப் பொருளின் ஹெச்எஸ்என் (சரக்கு வகைக் குறியீடு), ஐஆர்என், அதன் தேதி. பிஓ எண் அதில் இல்லை. பில் உண்மையானதா என்று கேட்டில் சரிபார்க்க அது நல்லது. எந்த ஆர்டருக்கு வந்த சரக்கு என்று கண்டுபிடிக்க ஆகாது.

இங்கேதான் எல்லோரும் காலியாக விடும் ஒரு பகுதியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். படிவத்தின் மேற்கோள் பகுதியில் பிஓ எண், பிஓ தேதி, ஒப்பந்த எண், சரக்குப் பெற்ற ஆவண எண் என்று புலங்கள் இருக்கின்றன. கட்டாயமில்லை என்பதால் பெரும்பாலான இணைப்புகள் அவற்றைத் தொடுவதே இல்லை. எஸ்ஏபியில் பிஓ எண் வழக்கமாக 10 இலக்கம். புலத்தில் தாராளமாக அடங்கும். டேலியில் விற்பனை வவுச்சரின் ஆர்டர் விவரத்தில் ஏற்கெனவே தட்டுகிற எண்தான் அது. அதை நிரப்பி அனுப்பினால், கையொப்பமிட்ட ஜேசனுக்குள் பிஓ எண் ஏறிவிடும். அந்த ஜேசனை பிடிஎஃப்போடு மெயிலில் இணைத்தனுப்புங்கள். வாங்குபவரும் தனக்கு வந்த இ-இன்வாய்ஸ் ஜேசன்களை இ-இன்வாய்ஸ் தளத்திலிருந்து ஐஆர்என் உருவான நாளிலிருந்து 6 மாதம் வரை இறக்கிக்கொள்ளலாம். பிஓ எண்ணும் அலகும் ஹெச்எஸ்என்னும் ஒத்திருந்தால் வாங்குபவரின் கணினி தானாகவே பிஓ, ஜிஆர்என், பில் மூன்றையும் பொருத்திப் பார்க்க முடியும். அந்தப் பொருத்தம் நின்றால்தான் பணம் நேரத்துக்கு வரும். பெரிய வாடிக்கையாளரோடு இணைப்பு வேலை தொடங்கும்போது முதல் கூட்டத்திலேயே பேச வேண்டியது இதுதான்.

சரக்கு நிராகரிக்கப்படும்போது ஏற்படும் குழப்பத்துக்கு இந்தச் சேவையில் விடையே இல்லை. ஐஆர்என்னை 24 மணி நேரத்துக்குள் முழுமையாக ரத்து செய்யலாம், திருத்த முடியாது. இ-வே பில் உயிரோடு இருந்தால் முதலில் அதை ரத்து செய்ய வேண்டும். ரத்தான எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. நேரம் தாண்டினால் 2270. அதன் பிறகு கிரெடிட் நோட் ஒன்றே வழி. 500ல் 40 துண்டு சரியில்லை என்று வாங்குபவர் தன் எஸ்ஏபியிலிருந்து ஒரு டெபிட் நோட்டை அனுப்புவார். அது அவருடைய புத்தகத்துக்கான காகிதம். அதைப் பார்த்த விற்பவரின் கணக்காளர் ஐஆர்பியில் டிபிஎன் (டெபிட் நோட்) என்று பதிவு செய்தால் வரி குறைவதற்குப் பதில் கூடிவிடும். காரணம், டிபிஎன் என்பது விற்பவர் தன் மதிப்பை உயர்த்தும் ஆவணம். பதிவு செய்ய வேண்டியது சிஆர்என், அதாவது கிரெடிட் நோட். அதில் முந்தைய பில் எண்ணையும் தேதியையும் குறிப்பிடுங்கள், வாங்குபவரின் டெபிட் நோட் எண்ணையும் வெளி மேற்கோள் புலத்தில் சேருங்கள். இல்லாவிட்டால் ஒரே 40 துண்டுக்கு இருவரும் தனித்தனியாகக் கழித்து, ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது பாக்கி ஒத்துவராது.

காலக்கெடுவும் உண்டு. 2023 நவம்பர் 1 முதல் 100 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, 2025 ஏப்ரல் 1 முதல் 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, ஆவணத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிய வேண்டும். கிரெடிட் நோட்டுக்கும் இது பொருந்தும். வாங்குபவரின் தர ஆய்வு அறிக்கை வரட்டும் என்று பழைய தேதியில் நோட் போட்டு வைத்துக் காத்திருக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

எந்த வழியில் இணைவது? நாளைக்குச் சில பத்து பில், எல்லாம் டேலியில் என்றால் டேலியிலேயே உள்ள வசதி போதும், தனி இணைப்புக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். பல கிளை, பல மென்பொருள், இரவில் மொத்தமாக பில் ஓடும் நிறுவனம் என்றால் ஜிஎஸ்பி (ஜிஎஸ்டி இணைப்புச் சேவை தரும் நிறுவனம்) வழியாகவோ தனியார் ஐஆர்பி வழியாகவோ போவது நல்லது. அரசின் தகவலியல் மையமான என்ஐசி நடத்தும் இரண்டு தளங்களோடு தனியார் நடத்துபவையும் இப்போது இருப்பதால் ஒன்று முடங்கினால் இன்னொன்றுக்குத் திருப்பலாம். பில் இரண்டு தளத்திலும் இரட்டையாகப் பதிவாகாதபடி பார்த்துக்கொள்ளும் பொதுப் பதிவேடு பின்னால் இருக்கிறது.

ஜிஎஸ்பியோடு கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை சில. மேற்கோள் பகுதிப் புலங்களை அனுப்புவார்களா, அல்லது கட்டாயப் புலங்கள் மட்டும்தானா? ஐஆர்பியின் அசல் பிழை எண்ணைக் காட்டுவார்களா, தங்கள் பொது வாசகத்தால் மூடிவிடுவார்களா? கையொப்பமிட்ட ஜேசனை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், ஒப்பந்தம் முடிந்தால் மொத்தமாகத் திருப்பித் தருவார்களா? கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவி அவ்வப்போது மாறும். எந்தக் காலத்து பில்லுக்கு எந்தச் சாவி என்று சேமிக்கிறார்களா? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் தராதவரிடம் விலை எவ்வளவு குறைந்தாலும் போக வேண்டாம்.